இறாலை அதன் போக்கில் விடு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தோள்வலி குறைந்து மறுபடியும் தண்ணீர்ப் பக்கம் போகத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. பேத்தியும் கூட வருகிறாள் என்பது அதைவிட நல்ல செய்தி. இங்கே எல்லோரும் நலம். நான் ஓய்வு பெற்றுவிட்டதால் காலைப் பொழுது முழுக்க என் வசம். அதில் பெரும்பங்கை பாஸ் என்கிற நன்னீர் வேட்டை மீன் எடுத்துக்கொள்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். தண்ணீர் அடிவரை தெரிகிறது, கரை முழுக்க ஆட்கள், மீன் கண்முன்னே நிற்கிறது, ஆனால் எதைப் போட்டாலும் விலகிப் போகிறது என்று எழுதியிருந்தாய். ரப்பர் இறால் வாங்கி இழுத்து இழுத்துப் பார்த்தும் பயனில்லை என்றும் இருந்தது. அந்த "இழுத்து இழுத்து" என்ற இடத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இரையை அளவுக்கு மீறி ஆட்டுகிறாய்.

முதலில் உயிருள்ள இறாலைப் போய்ப் பார். இருட்டிய பிறகு பேத்தியையும் அழைத்துக்கொண்டு, டார்ச் விளக்கோடு கரையோரக் கற்களுக்கும் நாணலுக்கும் நடுவே வெளிச்சம் அடி. இறாலின் கண்கள் சின்னச் சின்னத் தணல் போல மின்னும். சற்றுப் பொறுத்துக் கவனித்தால் அது பெரும்பாலும் ஒன்றுமே செய்யாமல் இருப்பது தெரியும். ஒரு தண்டைப் பற்றிக்கொண்டு நிற்கும். இரண்டடி நடக்கும். அடிவயிற்றில் இருக்கும் ஐந்து ஜோடித் துடுப்புக் கால்களை அசைத்து மெல்ல முன்னே நீந்தும். பயந்தால் மட்டும் வாலை வயிற்றுப் பக்கம் மடக்கி ஒரே வீச்சில் பின்னோக்கிப் பாயும். பாய்ந்த பிறகு மறுபடியும் அசைவில்லை. பாஸ் மீன் அன்றாடம் பார்க்கும் இறால் இதுதான். தொடர்ந்து துள்ளிக்கொண்டே வரும் இறாலை அது எங்கே பார்த்திருக்கும்?

அதனால் தூண்டில் முள்ளை ரப்பர் இறாலின் வால் பக்கத்திலிருந்து கோத்துக்கொள். அப்போதுதான் தூண்டில் நரம்பை இழுக்கும்போது வால் முன்னும் தலை பின்னுமாக, தப்பி ஓடும் இறால் போல வரும். பாசியோ செடியோ அடர்ந்த இடமென்றால் வளைவு வைத்த ஆஃப்செட் முள்ளில், நுனி ரப்பருக்குள் மறைந்திருக்கும்படி மாட்டு. எடைக்கு ஈயமே வேண்டாம். அது தானாக, மெதுவாக இறங்கட்டும். இறங்கும்போது நீரின் ஓட்டமே மீசையையும் கால்களையும் அசைத்துவிடும். எனக்கு மீன் கொத்துவது பெரும்பாலும் அந்த இறக்கத்தில்தான்.

ஆழம் கூடினாலோ காற்று அடித்தாலோ டிராப் ஷாட் கட்டு. முள் மேலேயும் ஈயம் கீழேயும் இருக்கிற கட்டு அது. ஜப்பானியர் பண்படுத்திய இந்த முறை 1990களின் பிற்பகுதியில் அமெரிக்கப் போட்டிகளிலும் பரவியது. ஈயம் தரையில் உட்கார்ந்திருக்க, இறால் அதற்கு ஒரு முழம் மேலே மிதந்தபடி நிற்கும். இரண்டு முதல் மூன்றரை கிராம் ஈயம் போதும். நரம்பை இறுக்கி வைக்காதே. தளர்ந்த நரம்பை மட்டும் லேசாக அதிர வை, ஈயம் இடம் மாறக் கூடாது. பிறகு கையை நிறுத்திப் பத்து எண்ணு. உன் சுபாவத்துக்கு அந்தப் பத்து எண்ணுவதுதான் கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எண்ணு.

நரம்பு நான்கு முதல் ஆறு பவுண்டு இழுவை தாங்கும் ஃப்ளோரோகார்பன் என்ற பிளாஸ்டிக் இழை. அதன் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.42, தண்ணீருடையது 1.33, நைலானுடையது 1.5-க்கும் மேல். தண்ணீரின் எண்ணுக்கு நெருக்கமாக இருப்பதால்தான் தெளிந்த நீரில் மீனின் கண்ணுக்கு அது குறைவாகத் தெரிகிறது. நைலானைவிட நன்றாக மூழ்கவும் செய்யும். கோல் மெல்லியதாக, நுனி வளைந்து கொடுப்பதாக இருக்கட்டும். உன் தோளுக்கும் அதுவே நல்லது.

பாஸ் இறாலைக் கடித்து இழுக்காது. வாயைச் சட்டென்று விரித்து, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும், பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பிவிடும். கைக்கு ஒன்றுமே எட்டாமல் போகலாம். கண்ணை நரம்பின் மேல் வை. இறங்கிக்கொண்டிருந்த நரம்பு பாதியில் நின்றாலோ, ஒரு பக்கமாக நகர்ந்தாலோ, கோல் நுனியில் ஈரத்துணி தொங்குகிற மாதிரி ஒரு கனம் வந்தாலோ, அதுதான் கொத்து. அப்போது சுண்டாதே. மெல்லிய கம்பி முள் தானாக ஏறும். ரீலைச் சுற்றித் தளர்வை எடுத்துக்கொண்டு கோலைப் பக்கவாட்டில் சாய்த்தால் போதும்.

பெரிய மீனுக்குப் பெரிய இரைதான் என்று நீ வாதாடுவாய். 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த பத்து கிலோவைத் தாண்டிய மீன் உயிருள்ள புளூகில் என்ற சிறு நன்னீர் மீனுக்குத்தான் வந்தது, அதை நான் மறுக்கவில்லை. 1932-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்ததற்குச் சமமான உலக சாதனை அது. ஆனால் அப்படி ஒரு மீனுக்காக வருடக்கணக்கில் காத்திருப்பது வேறு ஆசை. ஆட்கள் நெருக்கியடிக்கும் தெளிந்த நீரில், பெரிய இரைகளையெல்லாம் பார்த்துப் பழகிவிட்ட மீனை மனம் மாற வைப்பது வேறு ஆசை. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. இரண்டங்குல ரப்பர் துண்டை ஒரு மீன் நெருங்கி வந்து, நின்று, யோசித்து, கடைசியில் எடுத்துக்கொள்ளும் அந்த நொடிக்கு நான் எதையும் ஈடாகச் சொல்ல மாட்டேன்.

நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதே. உள்ளே வெளிச்சம் ஊடுருவும் பச்சையும் பழுப்பும் போதும், உயிருள்ள இறாலும் கிட்டத்தட்ட அப்படித்தான். பொட்டலத்தில் நசுங்கி மீசை வளைந்திருந்தால் வெந்நீரில் முக்கி எடு, நிமிர்ந்துவிடும். வேறு வகை ரப்பரோடு ஒரே டப்பாவில் போடாதே, ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும்.

கிழிந்த இறாலைத் தண்ணீரில் எறியாதே என்று பேத்திக்கு இப்போதே சொல்லிக்கொடு. அது மக்காது. மீன் விழுங்கினால் வயிற்றில் ஊதிக் கிடக்கும். கரையில் மற்றவர்கள் போட்டுவிட்டுப் போனதையும் நான் பொறுக்கிக்கொண்டு வருகிறேன், பார்க்கவே வயிறு எரிகிறது.

இன்னொன்று. தண்ணீர் 15 டிகிரியைத் தாண்டி 20-ஐ நோக்கி ஏறும் காலத்தில், கரையோரம் வட்டமாகத் துப்புரவு செய்த தரையின் மேல் ஒரு பாஸ் அசையாமல் நிற்பதைப் பார்த்தால், அங்கே இறாலைப் போடாதே. முட்டைக்குக் காவல் நிற்கும் ஆண் அது. பசியில்லாவிட்டாலும், கூட்டுக்குள் வந்ததை வெளியேற்ற வாயில் எடுக்கும். அதை நீ தூக்கிய சில நிமிடங்களுக்குள் புளூகில்கள் முட்டையைத் தின்றுவிடும். எளிதாகக் கிடைக்கிற மீன்தான், ஆனால் எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. அதே சமயம், எல்லா நீரிலும் பாஸ் வரவேற்கப்படும் மீன் அல்ல என்பதும் உனக்குத் தெரியும். பிவாவில் பிடித்த பாஸைத் திரும்ப விடுவதற்கு 2003 முதல் தடை இருக்கிறது. போகிற இடத்தின் விதியை முதலில் கேட்டுக்கொள்.

டார்ச் அடித்துப் பார்த்த பிறகு, அங்கே இறால் எவ்வளவு நீளம், என்ன நிறம் என்று எழுது. என்னிடம் ஒன்றரை அங்குலத்திலிருந்து மூன்று அங்குலம் வரை இருக்கிறது. பொருத்தமான பாக்கெட் இரண்டை அனுப்புகிறேன், ஒன்று உனக்கு, ஒன்று பேத்திக்கு.

அன்புடன்,
உன் பழைய தூண்டில் கூட்டாளி