செயலாளரின் ஆண்டறிக்கை: ஃபிளீட்னர் வீட்டில் ஓர் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் மாதம் ஒருமுறை கூடினோம். ஆள் சேராமல் இரண்டு கூட்டங்கள் தள்ளிப்போயின. அதற்குமேல் சொல்லக் குறை இல்லை. சென்ற பொதுக்குழுவில் முடிவானபடி, போதகர் குடும்பமும் செவிலியர் பணியும் என்ற பொருளில் ஒரே ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் படித்தோம். ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில், இன்று டியூசல்டார்ஃப் நகரத்துக்குள் அடங்கிவிட்ட கைசர்ஸ்வெர்ட்டில் ஊழியம் செய்த ஃபிளீட்னர் வீடு அது.

தியோடோர் ஃபிளீட்னர் 1822இல் அங்கே போதகராக வந்தார், வயது 22. வந்த கையோடு, சபையார் நம்பியிருந்த நெசவாலை நொடித்துப்போனது. சபையை நடத்தவே வழியில்லை. சரி, வேறு இடம் பார்ப்போம் என்று போகாமல், காணிக்கை கேட்டு ஹாலந்துக்கும் இங்கிலாந்துக்கும் கிளம்பினார். பணம் கிடைத்தது. அதைவிட, அங்குள்ள சபையார் நடத்திய அறப்பணிகளையும், இங்கிலாந்தில் எலிசபெத் ஃப்ரை அம்மையார் சிறைக் கைதிகளுக்குச் செய்த பணி பற்றியும் தெரிந்துகொண்டு திரும்பினார். வெளிநாட்டுச் சபைப் பயணம் என்றால் வாழ்த்துரையும் புகைப்படமும் என்று பழகிவிட்ட நமக்கு இந்தப் பகுதி கொஞ்சம் உறுத்தியது. அன்றைய கூட்டம் நேரத்துக்கு முடியவில்லை.

1828இல் ஃப்ரீடரிக்கே மியூன்ஸ்டரை மணந்தார். ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் வேலை பார்த்தவர் அவர். 1833இல் சிறையிலிருந்து விடுதலையான ஒரு பெண்ணுக்குப் போதகர் வீட்டுத் தோட்டத்துச் சிறு வீட்டிலேயே இடம் கொடுத்தார்கள். 1836 அக்டோபரில் மருத்துவமனையும், நோயாளிகளைப் பராமரிக்கப் பெண்களைப் பயிற்றுவிக்கும் டீக்கனஸ் இல்லமும் தொடங்கின. ரோமர் 16ஆம் அதிகாரத்தில் பெபேயாளை ‘ஊழியக்காரி’ என்கிறாரே பவுல், அந்தச் சொல்தான் டீக்கனஸ். முதலில் வந்து சேர்ந்தவர் கெர்ட்ரூட் ரைகார்ட், ஒரு மருத்துவரின் மகள்.

இல்லத்தின் முதல் தலைவி ஃப்ரீடரிக்கேதான். ஆனால் நாம் படித்த குறிப்புகளில் பாதிக்குமேல் ‘ஃபிளீட்னர் நிறுவினார்’ என்று ஒருமையில் முடிகின்றன. பயிற்சிக்கு வந்தவர்களைக் கவனித்ததும், அதற்கிடையே பிள்ளைகளைப் பெற்றதும் இழந்ததும் அந்த அம்மா. 1842இல், பிரசவத்தை ஒட்டி, 42 வயதில் இறந்தார். மறு ஆண்டு தியோடோர் மணந்த கரோலின் பெர்தோ, ஹாம்பர்க் மருத்துவமனையில் செவிலியர் பணியை மேற்பார்த்தவர்.

அப்புறம் பயணங்கள். 1846இல் லண்டனில் இருந்த ஜெர்மன் மருத்துவமனைக்கு டீக்கனஸ்கள் போனார்கள். 1849இல் போதகரே நான்கு பேரை அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்குக்கும், 1851இல் நான்கு பேரை எருசலேமுக்கும் அழைத்துப்போனார். அவர் கப்பலில் இருந்த நாட்களில் வீட்டையும் இல்லத்தையும் தாங்கியது கரோலின். 1864இல் கணவர் இறந்த பிறகும் 1883 வரை தலைமைப் பொறுப்பில் இருந்தார். பயண வரைபடம் தயாரித்த நம் இளைஞர் அணி, இவருக்கு எங்கே கோடு போடுவது என்று கேட்டது. பதில் சொல்லத் தெரியவில்லை.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1850இல் அங்கே வந்து பார்த்தார். 1851இல் சுமார் மூன்று மாதம் தங்கிக் கற்றார். பிற்காலத்தில் அவரே, அங்கே செவிலியர் கலை என்று ஒன்றும் இல்லை, சுகாதாரம் படுமோசம், ஆனால் அத்தகைய அர்ப்பணிப்பை வேறெங்கும் கண்டதில்லை என்ற பொருள்பட எழுதியிருக்கிறார். இதைப் படித்ததும் ஓய்வுபெற்ற செவிலியரான நம் மூத்த உறுப்பினர், “அர்ப்பணிப்பால் காயம் ஆறாது, கையைக் கழுவினால்தான் ஆறும்” என்றார். போதகர்கள் தரப்பு மறுத்தது. வாக்கெடுப்பு இல்லாமல் கலைந்தோம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இளைஞர் அணியின் பயண வரைபடத்தை யாரோ வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறீர்கள். இன்று தந்துவிட்டால், மற்றக் கோப்புகளோடு புதிய செயலாளரிடம் ஒப்படைத்துவிடுவேன்.