அந்த வாசலின் (Vaseline) டின்னை எடுத்து எறியுங்கள்: நம் சுழியோடிகள் குழுவின் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கும், உடையறைப் பொறுப்பில் இருக்கும் அண்ணாவுக்கும் வணக்கம்.

மாசி மாதம் ஒஸ்லோ ஃபியோர்டில் (ஒடுங்கிய கடல்வாயில்), உடைக்குள் நீர் புகாமல் கழுத்தை இறுக்கிப் பிடிக்கும் இறப்பர்ச் சீல் நம் பிள்ளை ஒருவருக்கு நீருக்கடியில் கிழிந்ததை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. பாதிப் பேர் அன்று துறையில் நின்றீர்கள். கூட்ட அறிக்கையில் அதைச் ‘சிறு அசம்பாவிதம்’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டு அடுத்த விடயத்துக்குப் போனபோதும் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் போன வாரம் அந்தப் பிள்ளைக்கு நீங்கள் அனுப்பிய பில்லைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. ‘கழுத்துச் சீல் நகம் பட்டுக் கிழிந்தது, மாற்றுச் செலவு 1,400 குரோனர்.’

அவர் மருத்துவமனையில் தாதி. ஒட்ட வெட்டிய நகத்தோடுதான் வேலைக்குப் போகிறவர். எந்த நகம் கிழித்தது என்று தயவுசெய்து விளக்குங்கள்.

கிழித்தது எது என்று எனக்குத் தெரியும். உடையறைக் கதவுக்குப் பின்னால், அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கும் வாசலின் டின். டிரைசூட்டின் (நீர் புகாத சுழியோடி உடையின்) கழுத்திலும் மணிக்கட்டிலும் இருக்கும் சீல்கள் பெரும்பாலும் இறப்பர்ப் பாலில் செய்தவை. வாசலின் போலப் பெட்ரோலியம் சேர்ந்த எதுவும் அவற்றுக்கு நஞ்சு. பூசிய அன்று தலை வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு இறப்பர் ஊதும், மெலியும், பிசுபிசுக்கும். யாழ்ப்பாணத்தில் பலாப்பழம் வெட்டுகிற எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வார், கையில் பால் ஒட்டாமலிருக்க எண்ணெய் பூசுவது ஏனென்று. பாலை எண்ணெய் கரைக்கும். அவ்வளவுதான் இதில் உள்ள விஞ்ஞானம்.

அந்தச் சீலை நான் பிறகு கையில் எடுத்துப் பார்த்தேன். இரு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பிரித்துப் பெருவிரலால் அழுத்தினால் விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. இழுத்துப் பிடித்தால் விளிம்பு முழுவதும் மயிரிழை வெடிப்புகள். அப்படி ஒரு சீல் அன்று கிழியாமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

அது கிழிந்தது துறையில் உடை மாட்டும்போதும் அல்ல. பன்னிரண்டு மீற்றர் ஆழத்தில், கூட வந்தவரைப் பார்க்க அவர் தலையைத் திருப்பியபோது, காதுக்குக் கீழே பிளந்தது. காற்று கழுத்தால் வெளியேற, ஃபியோர்ட் நீர் நெஞ்சுக்குள் இறங்கியது. பதறாமல் மிதவைச் சட்டையில் காற்றை நிரப்பி நிதானமாக மேலே வந்தார். அது அவர் பயிற்சியின் பெருமை, நம் உடையறைக்கு அதில் பங்கில்லை. உண்மையான சோதனை ஏணியில்தான் தொடங்கியது. உடைக்குள் புகுந்த நீர், கடலுக்குள் இருக்கும்வரை பாரம் காட்டாது. ஏணியில் ஏறி உடம்பு நீரைவிட்டு எழும்போதுதான் இரண்டு கால்களும் நீர் நிறைந்த சாக்குகளாகத் தொங்கும். மூன்றாம் படிக்கு மேல் அவரால் காலைத் தூக்க முடியவில்லை. சிலிண்டரைக் கழற்றி வாங்கி, தோள்வாரில் பிடித்து இருவராக இழுத்துத்தான் மேலே எடுத்தோம். உள்ளே அணிந்திருந்த கம்பளி உடுப்பைப் பிழிந்தபோது துறைப் பலகையில் நீர் ஓடியது. கை நடுங்கித் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல், நான் பிடித்துக் குடிக்கக் கொடுத்தேன். நீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகக் கடத்தும் என்று புதியவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்வது நாம்தானே?

அதற்குப் பிறகுதான் நீங்கள் பில் அனுப்பினீர்கள்.

ஆகவே என் வேண்டுகோள்: அந்த டின்னை அகற்றுங்கள், அந்தப் பில்லைத் திரும்பப் பெறுங்கள். இதற்குப் பெரிய செலவொன்றும் இல்லை. வாசனை சேர்க்காத வெறும் டால்க் பவுடர் போதும். அலமாரியில் இப்போது இருக்கும் மணக்கும் குழந்தைப் பவுடர் வேண்டாம், அந்த மணத்தோடு வரும் எண்ணெயும் இறப்பருக்கு ஆகாது. பவுடர் தூசி பிடிக்காதவர்களுக்குக் குழந்தை ஷாம்பு சில துளி கலந்த தண்ணீர், அல்லது நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல். நியோப்பிரீன் (நுரைபோன்ற செயற்கை இறப்பர்) கழுத்துள்ள இரண்டு உடைகளுக்கும் அந்த ஷாம்புத் தண்ணீரே போதும்.

அண்ணா, நீங்கள் அடிக்கும் சிலிக்கோன் ஸ்பிரே வேண்டுமா என்பதையும் ஒரு தடவை யோசியுங்கள். அது இறப்பரைக் கரைக்காது என்று நீங்கள் சொல்வது சரி. ஆனால் அது ஊறிய இடத்தில் புதுச் சீலின் பசை பிடிக்காது. போன வருடம் மாற்றிய மணிக்கட்டுச் சீல் ஏன் ஓரத்தில் உரிந்து வந்தது என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தோமே! வளையத்தில் பொருத்தும் புதிய சிலிக்கோன் சீல்கள்மேல் அதை அடித்தால் அவையே ஊதிக் கெட்டுவிடும். பித்தளை ஜிப்புக்கு மெழுகு தேயுங்கள், பல்லில் மட்டும்.

கழற்றிய பிறகு சீல்களைக் கழுவுவது யார் வேலை என்பதும் இன்னும் முடிவாகவில்லை. நம்மவர் பலர் தலைக்கு நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ வைத்துவிட்டு, முகத்தில் கிறீமும் பூசிக்கொண்டு அந்தக் கழுத்துக்குள் தலையை விடுகிறோம். மென்மையான சவர்க்காரத்தில் கழுவி, நிழலில் உலர்த்தி, பவுடர் தூவி வைக்காவிட்டால் நல்ல சீலும் இரண்டு பருவம் தாங்காது.

உலர்த்துவது என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பும் கம்பிரசரின் மின்மோட்டார் ஓடும் அதே அறையில், சுடுநீர்க் கொதிகலனுக்குப் பக்கத்தில் உடைகளைத் தொங்கவிடும் யோசனை யாருடையது? மோட்டாரின் மின்பொறியில் உண்டாகும் ஓசோன் வாயுவும் அந்தச் சூடும் இறப்பரைத் தின்பதற்குப் போட்டி போடுகின்றன. ஆண்டுவிழாவுக்கு மண்டபம் உண்டு, பெயர் அச்சிட்ட டி-சேட் உண்டு, மேடைக்குப் பின்னால் ஆளுயரப் பதாகையும் உண்டு. பதாகையில் சுழியோடி சிரிக்கிறார், அவர் கழுத்துச் சீல் மட்டும் எந்த நிலையில் இருக்கிறதோ! உடைகளைக் குளிர்ச்சியான இருட்டு அலமாரிக்கு மாற்றக் கேட்டால் மட்டும் வரவுசெலவில் இடமில்லை என்கிறீர்கள். பதாகைக்கு விடும் பணத்தில் எத்தனை சீல் வாங்கலாம் என்று பொருளாளர் ஒருநாள் ஓய்வாக இருக்கும்போது கணக்குப் பார்க்கலாம்.

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. நீங்கள் எல்லோரும் சம்பளமில்லாமல், வேலை முடிந்து களைப்போடு வந்து இதைச் செய்கிறீர்கள் என்பதை நான் மறக்கவில்லை. உங்கள் உழைப்பில்லாமல் எங்கள் பிள்ளைகள் இந்தக் குளிர்க்கடலில் இறங்கியே இருக்கமாட்டார்கள்.

அதனால்தான் பணிவாகத் திரும்பவும் கேட்கிறேன். டின்னை அகற்றுங்கள். மீதமுள்ள சீல்களைச் சித்திரைக்குள் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, ஒட்டுவதையும் வெடித்ததையும் மாற்றுங்கள். அந்தப் பிள்ளையின் பில்லை ரத்துச் செய்து, ஒரு வரி மன்னிப்போடு அவருக்குத் தெரியப்படுத்துங்கள். சீல்களைப் பார்ப்பதற்கு ஆள் வேண்டுமென்றால் எந்தச் சனிக்கிழமையும் நான் வரத் தயார், பவுடரையும் நானே வாங்கி வருகிறேன்.

அடுத்த கூட்ட நிகழ்ச்சிநிரலில் இதைச் சேர்த்திருக்கிறீர்களா என்று தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
குழுவின் உறுப்பினர் ஒருவர்
ஒஸ்லோ