ஏடிஎம் மோசடியில் நிரூபிக்க வேண்டியது வங்கிதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏடிஎம் மோசடி பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தியும் வந்துவிடுகிறது. பின் நம்பரைக் கையால் மறைத்து அழுத்துங்கள், கார்டின் மேல் எழுதி வைக்காதீர்கள், முன்பின் தெரியாதவரிடம் உதவி கேட்காதீர்கள். எல்லாமே சரியான அறிவுரைதான், நானும் அப்படித்தான் செய்கிறேன், வீட்டில் எல்லாரையும் செய்யச் சொல்கிறேன். ஆனால் இதை மட்டுமே திரும்பத் திரும்பப் படித்து, பணம் போனால் அது போனவருடைய கவனக்குறைவு என்று நாம் எல்லாருமே நம்பத் தொடங்கிவிட்டோம். பறிகொடுத்தவரே அப்படி நம்பிக்கொண்டு, தப்பு செய்துவிட்டவர் மாதிரி வங்கியில் போய் நிற்கிறார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

புகார் சொன்னவுடன் அநேகமாக வருகிற பதில் இது: சரியான பின் நம்பரைப் போட்டுத்தான் பணம் எடுக்கப்பட்டிருக்கிறது, ஆகவே ஒன்று நீங்கள் எடுத்திருக்க வேண்டும், இல்லை நம்பரை யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். பூட்டு உடையவில்லை, அதனால் வீட்டுக்காரர்தான் திருடியிருப்பார் என்று சொல்வதற்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

கார்டின் பின்பக்கம் இருக்கிற கறுப்புக் காந்தப் பட்டையில் உள்ள தகவல் மாறவே மாறாது, ஒருமுறை படித்துவிட்டால் அப்படியே இன்னொரு வெற்றுக் கார்டில் எழுதிவிடலாம். கார்டு செருகும் வாயின் மேல் அதே நிறத்தில், அதே வடிவத்தில், பட்டையைப் படித்துத் திருடும் ஸ்கிம்மர் என்கிற கருவியைப் பொருத்தி, மேலே குண்டூசித் துளை அளவுக்கு ஒரு கேமராவையும் வைத்துவிடுகிறார்கள். சில இடங்களில் கேமராவுக்குப் பதில், நம்பர் அழுத்தும் பலகையின் மேலேயே போலியாக இன்னொரு பலகை. அந்த மாதிரி இடத்தில் எவ்வளவு கவனமாகக் கையால் மறைத்தாலும் பயனில்லை, நீங்கள் அழுத்துவதே திருடனுடைய பலகையில்தான். இயந்திரம் வழக்கம்போல வேலை செய்யும், பணம் வரும், ரசீது வரும், சந்தேகப்பட ஒன்றுமே இருக்காது.

கார்டின் முன்பக்கம் இருக்கிற சின்ன உலோகச் சதுரமான சிப் வந்த பிறகு இதெல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. சிப் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் புதிதாக ஒரு குறியீட்டை உருவாக்குவதால் அதை நகலெடுப்பது மிகக் கடினம், அது பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே கார்டின் பின்பக்கம் பழைய பட்டை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு நாட்டில் பட்டையைத் திருடி, பட்டையை இன்னும் ஏற்றுக்கொள்கிற வேறொரு நாட்டு இயந்திரத்தில் பணம் எடுப்பது இப்படித்தான் நடக்கிறது. மாஸ்டர்கார்டு நிறுவனம் தன் கார்டுகளில் பட்டையைப் படிப்படியாக எடுத்துவிடப்போவதாக 2021-ல் அறிவித்தது, ஆனால் முழுவதுமாக ஒழிவதற்கு அவர்கள் சொன்ன ஆண்டு 2033. அதுவரை பட்டை இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது வாடிக்கையாளர் இல்லை.

சிப்பிலும் ஓட்டை விழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாரும் ஊகிக்க முடியாத ஒரு எண்ணை ஏடிஎம் இயந்திரம் சிப்புக்குக் கொடுக்க வேண்டும், அதைத் திருடன் ஊகித்துவிட்டால் சிப்பின் பாதுகாப்பு போயிற்று. சில இயந்திரங்கள் அந்த எண்ணை வெறுமனே வரிசையாக ஏற்றிக்கொண்டே போயிருக்கின்றன என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்து, 2014-ல் விரிவாக வெளியிட்டார்கள். இதில் கார்டு வைத்திருப்பவர் என்ன கவனமாக இருந்து என்ன ஆகப்போகிறது, சொல்லுங்கள்?

இன்னும் பெரிய திருட்டுகளில் கார்டு வைத்திருப்பவருக்கு எந்தப் பங்கும் கிடையாது. 2018 ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியிலிருந்து 94 கோடி ரூபாய்க்கு மேல் போனது. வங்கியின் கணினி அமைப்புக்குள் புகுந்து, பணம் கொடுக்கலாம் என்கிற அனுமதியையே திருடர்கள் போலியாகக் கொடுத்துவிட்டார்கள், பெரும்பகுதி பணம் 28 நாடுகளின் ஏடிஎம்களில் போலிக் கார்டுகளால் உருவப்பட்டது. அதற்கு முன்பு 2016-ல் இந்தியாவில் ஏறக்குறைய 32 லட்சம் டெபிட் கார்டுகளின் தகவல் கசிந்திருக்கலாம் என்ற அச்சத்தில் வங்கிகள் கார்டுகளை முடக்கியும் பின் நம்பரை மாற்றச் சொல்லியும் அலைந்தன. அந்த 32 லட்சம் பேரும் ஒரே நேரத்தில் கவனக்குறைவாக இருந்தார்களா?

வங்கியின் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டால் எங்கே போய் முடியும் என்பதற்குப் பிரிட்டனில் நடந்தது ஒன்று போதும். நான் எடுக்காத பணம் என் கணக்கிலிருந்து போயிருக்கிறது என்று புகார் கொடுத்த ஒரு போலீஸ்காரர் மேலேயே மோசடி முயற்சி என்று வழக்கு நடந்து, 1994-ல் குற்றவாளி என்று தீர்ப்பும் வந்துவிட்டது. மேல்முறையீட்டில் அவர் தரப்பு நிபுணர் வங்கியின் கணினி முறையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது அதற்கு வழி கிடைக்கவில்லை, அதனால் 1996-ல் விடுதலையானார். நடுவில் அவருடைய பெயர் என்ன பாடுபட்டிருக்கும்!

சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. அமெரிக்காவில் 1978-லேயே வந்த மின்னணுப் பணப்பரிமாற்றச் சட்டம், பரிமாற்றம் வாடிக்கையாளரின் அனுமதியோடுதான் நடந்தது என்று நிரூபிக்கும் சுமையை வங்கியின் மேல் வைத்தது. கார்டு தொலைந்ததோ திருடு போனதோ தெரிந்த 2 வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு இழப்பு அதிகபட்சம் 50 டாலர். கார்டிலேயே பின் நம்பரை எழுதி வைத்திருந்தாலும், அந்தக் காரணத்துக்காக அந்தத் தொகையைக் கூட்ட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015 ஆண்டு நெறிமுறை இன்னும் நேரடியாகப் பேசுகிறது: கார்டு பயன்படுத்தப்பட்டதாகப் பதிவு இருக்கிறது என்பது மட்டுமே வாடிக்கையாளர் அனுமதி கொடுத்தார் என்பதற்குப் போதுமான ஆதாரம் ஆகிவிடும் என்பதில்லை. இந்த ஒரு வரியை எல்லா நாட்டு வங்கிக் கிளைகளிலும் பிரேம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்பேன்.

இந்தியாவிலும் ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கும் சுமை வங்கிக்குத்தான் என்று தெளிவாகச் சொன்னது. தவறு வங்கி மேலும் இல்லாமல் வாடிக்கையாளர் மேலும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னவருக்கு இழப்பே கிடையாது, சொன்ன 10 வேலை நாளுக்குள் அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். பணம் வெளியே வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், அது வேறு விஷயம், அதற்கு 2019-ல் தனி விதி வந்தது: அடுத்த 5 நாளுக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு.

விதி இவ்வளவு நன்றாக இருந்தும் நடைமுறையில் வாடிக்கையாளர் ஏன் தோற்கிறார்? ஆதாரம் மொத்தமும் எதிராளியின் கையில் இருக்கிறது, அதுதான் காரணம். பணம் எடுத்த கார்டில் படிக்கப்பட்டது சிப்பா, பட்டையா என்பது வங்கியின் பதிவில் இருக்கும். சிப் உள்ள கார்டுக்குப் பட்டையைப் படித்துப் பணம் கொடுத்திருந்தால், அது போலிக் கார்டு என்பதற்கு அதைவிட வலுவான அடையாளம் கிடைப்பது கஷ்டம். இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்றே பலருக்குத் தெரியாது, கேட்காதவரைக்கும் வங்கியும் சொல்லாது. சிசிடிவி பதிவும் அப்படித்தான், சில காலத்தில் அதன் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும், நாம் கடிதம் கடிதமாக எழுதி முடிப்பதற்குள் முகமே இல்லாமல் போய்விடும்.

ஆகவே வங்கிகளுக்கு நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். ஒரு புகாரை நிராகரிக்கும்போது "விசாரித்தோம், பரிமாற்றம் சரியாக நடந்துள்ளது" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். எந்த இயந்திரம், எந்த நேரம், சிப்பா பட்டையா, சிசிடிவி பதிவில் யார், அந்த இயந்திரத்தைக் கடைசியாக யார் எப்போது சோதித்தார்கள் என்பதை அந்தக் கடிதத்திலேயே எழுதிக் கொடுங்கள். இதில் ரகசியம் எதுவும் இல்லை, போனது எங்கள் பணம்.

பணத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு: முதலில் கார்டை முடக்கிப் புகார் எண்ணை வாங்குங்கள், அப்புறம் அன்றைக்கே சிசிடிவி பதிவை அழிக்காமல் பத்திரப்படுத்தச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் இந்த விவரங்கள் இல்லாவிட்டாலோ, இந்தியாவில் இருப்பவர்கள் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்