ஆறு வரி நான்கானதை எண்ணிப் பார்த்த அக்காவுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒரே கோப்புகளைப் பல சர்வர்களில் பிரதி எடுத்து வைக்கும் கோப்பு முறைமையான கிளஸ்டர்எஃப்எஸ்ஸில், பிரதிகளைச் சரிசெய்து ஒன்றாக்கும் ஹீலிங் நேற்று மதியம் முடிந்தது. மூன்று பிரிக்கிலும் (ஒவ்வொரு சர்வரிலும் ஒரு பிரதி இருக்கும் சேமிப்பிடம்) நிலுவை பூஜ்யம். மறுபடி கட்டிய பிரிக்கையும் மற்ற இரண்டையும் கோப்புக் கோப்பாக ஒப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது, ஒன்றுகூடப் போகவில்லை என்று அந்த சர்வர்கள் இருக்கும் இடத்தின் நிர்வாகி போனில் சொன்னார். எனக்குப் பேச்சு வரவில்லை. "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்புறம் மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை இரவு, அப்டேட்டுக்காக ஒரு சர்வரை ரீபூட் செய்தபோது பிரிக்குகள் நின்றுபோனது உங்களுக்குத் தெரியும். பலர் எங்களோடு விடிய விடிய விழித்திருந்தீர்கள். அதை மறுபடி சொல்லப்போவதில்லை. கை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதிலும் உங்களில் யாருக்கும் தெரியாத ஒருவருக்கு முதலில் சொல்ல வேண்டும். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் என்னைத் தம்பி என்கிறார், நான் அக்கா என்கிறேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அக்கா அந்த இடத்தில் இரவுப் பணி பார்க்கிறார். கணினிப் படிப்பு படித்தவர் இல்லை. சர்வர் அறைக்கு வெளியே ஒரு மேசை, ஒரு திரை. அந்தத் திரையில் ஓடுவது கிளஸ்டர்எஃப்எஸ்ஸுக்காக நான் எழுதிய கண்காணிப்புக் கருவி. சிவப்பு வந்தால் போன் செய்ய வேண்டும் என்பதுதான் அவருக்குக் கொடுத்திருந்த வேலை. அதோடு, முன்பு அங்கே இருந்த ஒரு பொறியாளர் திரைக்குக் கீழே ஒரு துண்டுச் சீட்டை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்: இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் 'வால்யூம் ஸ்டேட்டஸ்' கட்டளையை ஓட்டிப் பார்க்கவும், ஆன்லைன் என்ற பத்தியில் எல்லாம் 'ஒய்' (ஆம்) என்று இருக்க வேண்டும். அக்கா இரண்டு வருஷமாக அதைத் தவறாமல் செய்துவந்திருக்கிறார். நானே அப்படிச் செய்யச் சொல்லியிருக்க மாட்டேன். அதற்குத்தானே கருவி இருக்கிறது என்றிருப்பேன்.

சனிக்கிழமைக்குப் பிறகு நாங்கள் மாட்டிக்கொண்டு நின்றது ஒரே ஒரு கேள்வியில்தான். மூன்று சர்வர்களில் ஒன்றைத்தான் அப்டேட்டுக்காக ரீபூட் செய்தார்கள். மிச்சம் இரண்டு இருக்கும்போது எப்படி சர்வர் கோரம் (இயங்கத் தேவையான பெரும்பான்மை) போயிற்று? இணைப்பில் இருக்கும் கூட்டாளி சர்வர்கள், தன்னையும் சேர்த்து, மொத்தத்தில் பாதிக்கு மேல் இல்லாவிட்டால், ஒவ்வொரு சர்வரிலும் ஓடும் நிர்வாகச் சேவையான கிளஸ்டர்டி தன் பிரிக்கைத் தானே நிறுத்திவிடும். டேட்டா இரண்டு விதமாகப் பிரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு, சரியான ஏற்பாடும்கூட. ஆனால் மூன்றில் இரண்டு உயிரோடு இருந்தால் அது நடக்கக் கூடாது. லாக் கோப்புகளை வரி வரியாகப் படித்தோம். சனிக்கிழமை மாலை ஆறு மணியிலிருந்து நள்ளிரவு வரை எனக்கு ஏறக்குறைய மனப்பாடம் ஆகிவிட்டது. அதற்கு முந்தைய நாட்களைப் பார்க்கவே இல்லை. அந்த நாட்கள் முழுக்க என் கருவியின் பதிவில் பச்சையாக இருந்தன. நான் அதை நம்பினேன். என்னை நம்பி நீங்களும் அங்கே தேடவில்லை.

நான்காம் நாள் காலை ஏழு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒன்பது படங்கள் வந்தன. நீள நோட்டின் பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நான்கு பத்தி: தேதி, நேரம், எல்லாம் ஒய்யா, எத்தனை வரி. ஒரு படத்தின் ஓரத்தில் அவர் கட்டைவிரல் விழுந்திருந்தது. இன்னொன்றில் டீ கிளாஸ் வைத்த வட்டக் கறை. கீழே ஒரு செய்தி: "சார், நான் நைட் ட்யூட்டி பாக்குறவங்க. இது உங்களுக்கு ஏதாச்சும் உதவுமானு தெரியல. தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க."

கடைசிப் பத்தியைப் பார்த்தேன். 6, 6, 6, 6 என்று பக்கம் பக்கமாக. திடீரென்று ஒரு வியாழக்கிழமை 4 மணிக்கு, சிவப்புப் பேனாவில், 4. அதற்கப்புறம் சனிக்கிழமை இரவு வரை ஒன்பது நாளும் 4. 'எல்லாம் ஒய்யா' பத்தியில் மட்டும் எல்லா நாளும் டிக்.

நோட்டைப் பார்த்த ஒரு நிமிஷத்தில் விஷயம் புரிந்துவிட்டது. மூன்று சர்வர், மூன்று பிரதி உள்ள வால்யூமில் (பிரிக்குகள் சேர்ந்த ஒரே சேமிப்பு) அந்தக் கட்டளை ஆறு வரி காட்டும்: மூன்று பிரிக், பின்னணியில் பிரதிகளைச் சரிசெய்யும் மூன்று செல்ஃப்-ஹீல் டீமன். ஒரு சர்வரில் கிளஸ்டர்டி நின்றுபோனால், அதன் இரண்டு வரியும் சிவப்பாகக் காட்டப்படுவதில்லை. பட்டியலிலிருந்தே காணாமல் போய்விடும். கிளஸ்டர்எஃப்எஸ்ஸில் எல்லாக் கணக்கையும் வைத்திருக்கும் ஒற்றைத் தலைமை சர்வர் கிடையாது. நாம் ஒரு சர்வரைக் கேட்கிறோம், அது மற்றவர்களைக் கேட்டு, பதில் சொன்னவர்களின் பதிலை மட்டும் தொகுத்துத் தருகிறது. வந்திருக்கும் பிள்ளைகளின் பெயரை மட்டும் கூப்பிட்டு வருகைப் பதிவு எடுத்தால் என்றைக்கும் நூற்றுக்கு நூறுதான். என் கருவி அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தது. வந்த நான்கு வரியும் நலம், ஆகவே பச்சை. அந்த சர்வரில் பிரிக் தனியாக ஓடிக்கொண்டேதான் இருந்தது, கோப்புகளும் எழுதப்பட்டன. அதனால் ஹீல் நிலுவையும் ஏறவில்லை. கூட்டாளிகளின் இணைப்பு நிலையைக் கருவி வேறொரு பக்கத்தில் காட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதற்கு எச்சரிக்கை எதையும் நான் கட்டி வைக்கவில்லை. ஆக, ஒன்பது நாள் இரண்டு சர்வர் பலத்தில் ஓடிய கூட்டத்தில், மூன்று இருக்கிறது என்று நம்பி ஒன்றை ரீபூட் செய்தார்கள்.

அக்கா குறித்து வைத்த தேதிக்குப் போய் மற்ற சர்வர்களின் லாக்கைத் திறந்தோம். இணைப்பு அறுந்த செய்தி அதிகாலை 3 மணியை ஒட்டி அங்கேயே இருந்தது. மூன்று நாளாகக் கிடைக்காதது பத்து நிமிஷத்தில் கிடைத்தது. அதை வைத்துத்தான் எந்தப் பிரிக்கை நம்பலாம், எதை மறுபடி கட்ட வேண்டும் என்று துணிந்து முடிவெடுத்தோம். அந்த நோட்டு இல்லாமல் முடிவெடுத்திருந்தால் எந்தப் பக்கம் கை வைத்திருப்போம் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அன்று மாலையே அவரைக் கூப்பிட்டேன். வரியை எண்ணச் சொல்லி யாரும் சொல்லவில்லையே, எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டேன்.

"நான் முன்னாடி ஜவுளிக்கடை குடோன்ல சரக்கிருப்பு எடுத்துட்டு இருந்தேன் தம்பி. பதினாலு வருஷம். சரக்கு நல்லா இருக்கான்னு பாக்குறதுக்கு முன்னாடி சரக்கு இருக்கான்னு பாக்கணும். எண்ணாம கையெழுத்துப் போட்டா சாயங்காலம் நம்ம தலைல வந்து விழும்."

4 வந்த அன்றே யாரிடமாவது சொன்னீர்களா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "திரை பச்சையா இருந்துச்சு. நான் என்னத்த கண்டேன், மிஷின் சரியாத்தான் சொல்லும்னு விட்டுட்டேன். ஆனா மனசு கேக்கல, அதான் சிவப்புல எழுதினேன்."

இந்தப் பதிலை நான் பல தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். அவர் கண் சரியாகத்தான் பார்த்தது, கை சரியாகத்தான் எழுதியது. வாயைத் திறக்கவிடாமல் செய்தது நான் எழுதிய பச்சை நிறம். அக்கா, மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். இதைப் போனில் சொன்னபோது நீங்கள் "அட விடுங்க தம்பி" என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டீர்கள். அதனால் எல்லோர் முன்னிலும் சொல்கிறேன்.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும், விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கென்று மூன்று மெய்நிகர் இயந்திரங்களை ஒரு மாதம் இலவசமாகத் தந்தவர், பழைய பதிப்பு தொடங்கி 11 வரை ஒவ்வொன்றின் எக்ஸ்எம்எல் வெளியீட்டையும் (நிரல்கள் படிக்கும் வடிவில் கட்டளை தரும் பதில்) எடுத்து அனுப்பிய நான்கு பேர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும் அந்த இரவு தொலைவிலிருந்து கூடவே இருந்த நண்பர், கோபத்தில் கடுமையாக எழுதிவிட்டு மறுநாள் தாமே திருத்தத்தை அனுப்பியவர். மூன்று சர்வரிலிருந்தும் ஒரே நேரத்தில் கட்டளை போவதால்தான் 'வேறொரு பரிவர்த்தனை நடக்கிறது' என்ற பிழை வருகிறது, இணைப்பில் இருப்பவற்றில் பெரிய யுயுஐடி (அடையாள எண்) உள்ள சர்வர் மட்டும் கேட்டால் போதும் என்று பொறுமையாக விளக்கியவர். திருத்தம் வெளியான அன்றே தங்கள் இடத்தில் ஓட்டிப் பார்த்து, எங்களுக்கும் வரி குறைகிறது என்று எழுதிய இருவர். உங்கள் இரண்டு இடங்களிலும் ஒன்றும் ஆகும் முன் பிடித்துவிட்டோம் என்பதுதான் இந்தப் பதினைந்து நாளில் எனக்குக் கிடைத்த பெரிய ஆறுதல்.

இந்தக் கோப்பு முறைமையைத் தொடங்கியவர் நம் ஆனந்த் பாபு பெரியசாமி. 2011இல் ரெட் ஹாட் என்ற மென்பொருள் நிறுவனம் வாங்கியது. பெங்களூரில் எத்தனையோ பேர் இளமையைக் கொடுத்து இதை வளர்த்தார்கள். கட்டளைகளுக்கு எக்ஸ்எம்எல் வெளியீடு வைத்தவர் யாரென்று தெரியாது, அது இல்லாவிட்டால் என் கருவியே இல்லை. வணிகப் பதிப்புக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. ஆனால் இதில் டேட்டா வைத்திருக்கும் இடங்கள் ஒரே நாளில் மாறிவிட முடியாது. மருத்துவப் படங்கள், பத்திரிகைப் பிரதிகள், கல்லூரிக் கோப்புகள் எல்லாம் இன்னும் இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. கூப்பிட்டால் வர ஒரு நிறுவனம் இல்லாத நேரத்தில் நாம் ஒருவருக்கொருவர்தான். இந்தப் பதினைந்து நாள் அதை நான் கண்ணால் பார்த்தேன்.

சில வாக்குகள் கொடுக்கிறேன். ஒரு வால்யூமில் எத்தனை பிரிக் இருக்க வேண்டும் என்பது ஒவ்வொரு சர்வரிலும் எழுதியே இருக்கிறது, 'வால்யூம் இன்ஃபோ' கேட்டால் சொல்லிவிடும். இனி கருவி முதலில் அதைப் படிக்கும். எதிர்பார்த்த எண்ணும் வந்த எண்ணும் பொருந்தாதவரை எந்தக் கட்டமும் பச்சையாகாது. பதில் வராத இடம் சாம்பல் நிறத்தில் 'பதில் இல்லை' என்று நிற்கும், அதற்கும் சிவப்புக்கு அடிக்கிற அதே மணி அடிக்கும். கூட்டாளி இணைப்பு அறுந்தாலும் அப்படியே. ஏதோ ஒரு சர்வரில் ஏதாவது சேவை நின்றிருந்தால், ரீபூட் செய்யும் முன் 'வேண்டாம்' என்று சொல்லும் ஒரு தனிக் கட்டளையையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னொன்று: இனி ஒவ்வொரு பதிப்பையும் வெளியிடும் முன், இரவுப் பணியில் இருக்கும் ஒருவரிடம் திரையைக் காட்டி, என்ன புரிகிறது என்று கேட்டுவிட்டுத்தான் வெளியிடுவேன். இதுவரை பொறியாளர்களிடம் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். ராத்திரி முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வேறு ஆட்கள்.

முதல் ஆள் அக்காதான். போன வாரம் புதிய திரையை அவருக்கு அனுப்பினேன். அழகாக இருக்கிறது, ஆனால் எண் சின்னதாக இருக்கிறது, நான் கண்ணாடி போட்டாலும் மேசையிலிருந்து தெரியவில்லை என்றார். இப்போது திரையின் தலையில் வேறு எதுவும் இல்லை. 'இருக்க வேண்டியது 6, இருப்பது 6' என்று மட்டும், அறையின் மறுகோடியிலிருந்து படிக்கிற அளவுக்கு.

நோட்டை இனி எழுத வேண்டியதில்லையே அக்கா என்று கேட்டேன். "அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது தம்பி" என்றார். இன்று விடியற்காலையும் படம் வந்தது. பிள்ளையார் சுழி, கோடு, 2 மணி 6, 4 மணி 6.