வலிப்பு மாத்திரையும் வீட்டுக்கு வரணும் – தென்காசி கலெக்டருக்கு மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், தென்காசி

பொருள்: சுகர், பிரஷர் மாத்திரையோட வலிப்பு மாத்திரையும் தடையில்லாம குடுக்கக் கேட்டு

ஐயா வணக்கம். நான் செங்கோட்டை தாலுகா புளியரைல இருந்து எழுதுறேன், பீடி சுத்துற வேலை. சின்ன வயசுலயே எனக்கு வலிப்பு உண்டு, நாப்பது தாண்டுன பெறகு சுகர் வந்துச்சு, தைராய்டு வந்துச்சு, இப்ப கிட்னியும் கொஞ்சம் கொறஞ்சிருக்குன்னு சொல்லிட்டாங்க.

2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சாங்கல்லா, அதுல இருந்து சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது. மாத்திரை கொண்டு வர்ற தங்கச்சி வாசல்ல உக்காந்து சுகர் பாத்து மாத்திரைய எண்ணிக் குடுத்துட்டுப் போகுது, பெரிய உதவி ஐயா, மனசாரச் சொல்றேன். ஆனா வலிப்பு மாத்திரை அந்தப் பையில இல்ல. கேட்டா லிஸ்ட்ல இல்லக்காங்குது, அது என்ன செய்யும் பாவம்.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனா, நான் சாப்பிடுற வலிப்பு மாத்திரை லெவெட்டிராசெட்டாம் ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் வாங்கம்பாங்க. வலிப்புக்கு அடுத்த வாரம்னு ஒண்ணு கெடையாது, ரெண்டு வேளை விட்டாலே வந்துரும். அப்படி மாத்திரை இல்லாத ஒரு வாரத்துலதான் முறம் மடியில இருக்கும்போதே வலிப்பு வந்து கை வெட்டி இழுக்க ஆரம்பிச்சு, எம்மக ஓடியாந்து இலை வெட்டுற கத்திரிய புடுங்கிருக்கா, தூளு பூரா தரையில. பக்கத்து வீட்டாளுக சாவிக்கொத்த கையில திணிச்சிருக்காங்க. இரும்பு குடுத்தா வலிப்பு நிக்காது, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாயில எதையும் திணிக்கக்கூடாது, அஞ்சு நிமிசம் தாண்டுனா 108க்கு போன் போடணும், இதக்கூட ஊருக்குள்ள யாரும் வந்து சொல்லிக் குடுக்கல.

இன்னொண்ணு, இங்க ஸ்டாக் இல்லாதப்ப வேற மாத்திரைய மாத்திக் குடுத்துருதாங்க. நான் வலிப்புக்குப் பாக்குறது திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரியில. லெவெட்டிராசெட்டாம் மூத்திரம் வழியாத்தான் வெளியேறுமாம், அதனால கிட்னிய கணக்குப் பண்ணி அளவக் கொறச்சிருக்காங்க. பெனிட்டாய்ன் மாதிரி வேற வலிப்பு மாத்திரைக்கு மாத்துனா தைராய்டு மாத்திரையோட அளவையும் திரும்பப் பாக்கணும்னு அங்க சொன்னாங்க. சுகர் ரொம்ப இறங்குனாலும் வலிப்பு வரும். இங்க சுகருக்கு ஒரு சீட்டு, தைராய்டுக்கு ஒரு சீட்டு, வலிப்புச் சீட்டு கேரளாவுல, மூணையும் ஒரே டாக்டர் சேத்துவச்சுப் பாத்ததே இல்ல. ஒடம்பு ஒண்ணுதான ஐயா?

திருவனந்தபுரம் போகணும்னா ராத்திரியே எந்திரிச்சு ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழைன்னு மலைப்பாதையில பஸ்ல போகணும், தூக்கம் கெட்டா வலிப்பு வரும்னு தெரிஞ்சேதான் கெளம்புறது. தனியாப் போக முடியாது, கூட வர்ற மகளுக்கும் அன்னைக்கு கூலி போச்சு.

அதனால நான் கேக்குறது இதுதான். வீட்டுக்கு வர்ற மாத்திரைப் பையில வலிப்பு மாத்திரையையும் சேருங்க, டாக்டர் எழுதுன அதே மாத்திரை, அதே அளவு, ரெண்டு மாசத்துக்குச் சேத்து. கேரளாச் சீட்டுன்னு தள்ளாம ஏத்துக்கச் சொல்லி ஒரு உத்தரவு போடுங்க, எல்லையில இருக்குற நான் அங்கதான் பாக்குறேன். மாசத்துல ஒரு நாள் நரம்பு டாக்டர் எங்க தாலுகாவுக்கு வந்து சுகர், கிட்னி, தைராய்டு எல்லாத்தையும் ஒரே நோட்டுல பாத்து எழுதட்டும்.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 21 வகை சொல்லிருக்காங்க, வலிப்புன்னு தனியா பேரு இல்ல, அதனால கார்டுக்கு அலைஞ்சும் எங்களுக்குக் கெடைக்கல. சட்டத்த நீங்க மாத்த முடியாதுன்னு தெரியும், ஆனா வலிப்போட வேற நோயும் சேந்து வேலைக்குப் போக முடியாதவங்களுக்கு உதவித்தொகை வேணும்னு அரசுக்கு நீங்க எழுதுனா அதுக்கு மதிப்பு உண்டு.

மூணு ஆஸ்பத்திரிச் சீட்டோட நகலும் இதோட வச்சிருக்கேன். ஸ்டாக் விசயத்த மட்டுமாவது இந்த மாசமே பாத்துக் குடுங்க ஐயா.

இப்படிக்கு,
பீடித் தொழிலாளி,
புளியரை, செங்கோட்டை தாலுகா