ஒரு குறை, நாளுக்கு இரண்டு கோடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுயநலத்தைக் கண்டிக்கும் பிரசங்கங்களுக்குத் திருச்சபைகளில் பஞ்சமில்லை. அதைக் கேட்டவர் மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அரிதாகச் சொல்லப்படுகிறது. "இனி எல்லாரையும் நேசிப்பேன்" என்று கூட்டத்தில் கண்ணீரோடு கையுயர்த்துகிறவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தீர்மானத்தைக் காத்தாரா, மீறினாரா என்று இரவில் சோதித்துப் பார்க்க அவருக்கு வழியே இல்லை. சோதிக்க முடியாத தீர்மானம் ஒரு வாரம் தாங்காது.

இதற்கு 16ஆம் நூற்றாண்டிலேயே ஒரு செய்முறை உண்டு. இயேசு சபையை நிறுவிய இலொயோலா இஞ்ஞாசியார் சொன்னது. காலையில் எழுந்ததும் ஒரே ஒரு குறையை மனதில் வைத்து, இன்று அதில் விழாமல் காக்கும்படி கிருபை கேட்க வேண்டும். மதிய உணவுக்குப் பின், எழுந்த நேரத்திலிருந்து மணி மணியாகத் திரும்பிப் பார்த்து, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் தாளில் அந்த நாளுக்கான முதல் கோட்டில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இரவு உணவுக்குப் பின் அப்படியே இரண்டாம் கோட்டில். பகலில் விழுந்த அந்தக் கணமே மார்பில் கை வைத்துக்கொள்ளவும் சொல்கிறார். நாலு பேர் நடுவில் இருந்தாலும் யாருக்கும் தெரியாமல் செய்துவிடலாம். பிறகு மதியக் கோட்டை இரவுக் கோட்டோடும், நேற்றை இன்றோடும், போன வாரத்தை இந்த வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். கத்தோலிக்கர் அல்லாதவர்களும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஒரு தாளும் பென்சிலும் போதும்.

எல்லாம் குறையைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. "சுயநலம்" என்று எழுதினால் எண்ண முடியாது. கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயலாக அது இருக்க வேண்டும்: அடுத்தவர் பேசி முடிக்குமுன் குறுக்கிடுவது, இருப்பதில் நல்லதை முதலில் எடுத்துக்கொள்வது, வீட்டில் கிடக்கும் வேலையைப் பார்த்தும் பாராததுபோல் நழுவுவது, யார் கஷ்டத்தைச் சொன்னாலும் பேச்சைத் தன் கஷ்டத்துக்குத் திருப்புவது. எதை எழுதுவது என்று தெரியவில்லையா? கூடவே வசிப்பவரிடம் கேளுங்கள், யோசிக்காமல் சொல்வார். சில வாரங்களுக்கு அதே குறைதான். தினம் ஒன்றாக மாற்றினால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

முதல் வாரத்தில் புள்ளிகள் கூடும். நாம் கெட்டுப்போனதால் அல்ல, இதுவரை கண்ணில் படாதது இப்போது படுவதால். பலர் இங்கேதான் தாளைக் கிழித்துப் போடுகிறார்கள். புள்ளி குறையத் தொடங்கும்போது வருவது வேறு ஆபத்து. லூக்கா 18இல் வரும் பரிசேயன் (யூத மதச் சட்டத்தைக் கறாராகக் கைக்கொள்பவன்) வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்தான், சம்பாத்தியத்தில் எல்லாம் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, கொடுத்தான். கணக்கில் பிழையில்லை, அதைத் தூரத்தில் நின்ற ஆயக்காரனோடு (வரி வசூலிப்பவனோடு) ஒப்பிட்டதில்தான் கெட்டான். ஆகவே இந்தத் தாளை யாருக்கும் காட்ட வேண்டாம். பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவோ, நம்பிக்கையான போதகரோ பார்த்தால் போதும். இது கிரியையால், அதாவது தன் நற்செயல்களால், நீதிமானாகப் பார்ப்பது என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். ஆனால் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்று சொன்ன கையோடு, "விருப்பத்தையும் செய்கையையும்" உண்டாக்குகிறவர் தேவனே என்று பிலிப்பியர் 2:12, 13இல் பவுல் சேர்த்தே எழுதுகிறார். காலையில் கிருபை கேட்பதை விட்டுவிட்டுப் புள்ளி மட்டும் வைத்தால், அந்த ஆட்சேபம் நியாயமானதே.

பணத்தில் முறை வேறு. வாரத்தின் முதல் நாளிலேயே, வரவுக்குத் தக்கபடி எடுத்து வைக்கச் சொல்கிறது 1 கொரிந்தியர் 16:2. செலவு போக மீந்ததில் கொடுப்பது என்றால், மீதி ஒருநாளும் இருக்காது. ஆனால் சதவீதமும் ஏமாற்றும்: வரவு இரட்டித்தால் பத்தில் ஒன்று கொடுப்பவரின் சொகுசும் இரட்டிக்கிறது, மனசாட்சி மட்டும் நிம்மதியாகத் தூங்குகிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் காட்டும் கணக்கு இதற்கு நல்ல மருந்து. ஆக்ஸ்போர்டு மெதடிஸ்டுகளில் ஒருவர் ஆண்டுக்கு 30 பவுண்டு வரவில் 28இல் வாழ்ந்து 2 பவுண்டு கொடுத்தார். மறு ஆண்டு 60 வந்தபோதும் அதே 28, கொடுத்தது 32. பிறகு 90 வந்தபோது 62. 120 வந்தபோது 92. அவர் கட்டிப்போட்டது செலவை. விலைவாசி ஏறும் காலத்தில் அந்த 28ஐ ஆண்டுக்கு ஒருமுறை திருத்தலாம், மாதாமாதம் திருத்தினால் பயனில்லை. ஒன்றை மறக்க வேண்டாம்: தன் வீட்டாரைப் பட்டினி போட்டுவிட்டு ஆலயத்தில் பெயர் எழுதிக்கொள்வதும் சுயநலம்தான். தன் வீட்டாரைப் பராமரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்னும் 1 தீமோத்தேயு 5:8இன் கடுமை அதற்குத்தான்.

ஜெபத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலில் மூன்று பேரின் பெயர், ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பான தேவை, அதன்பின் நமக்கு. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் அடுத்தவர் வீட்டுச் சங்கதி பரவாமல் பார்த்துக்கொண்டால் சரி.

கடைசியாக, பக்தியுள்ளவர்களையே வீழ்த்தும் ஒன்று. தன்னை வெறுப்பது (தன் விருப்பத்தை விட்டுக்கொடுப்பது) என்றால் யாருக்கும் எதற்கும் மறுப்புச் சொல்லாமல் இருப்பது என்று எண்ணி, ஓடியாடி உழைத்துக் களைத்து, பிறகு வீட்டாரிடம் எரிந்து விழுகிறவர்கள் நிறையப் பேர். இயேசுவின் உவமையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு நல்ல சமாரியன் செய்ததை வரிசையாகப் பாருங்கள். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் அன்றைக்குப் பராமரித்தான். மறுநாள் இரண்டு பணத்தைச் சத்திரக்காரன் கையில் கொடுத்து, மேற்கொண்டு ஆவதைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டான். பயணத்தைக் கைவிடவும் இல்லை, எல்லாவற்றையும் தானே செய்ய நிற்கவும் இல்லை. உதவி கேட்டு வருகிறவரிடம் "செவ்வாய் மாலை இரண்டு மணி நேரம் வர முடியும், மற்றதற்கு இன்னாரைக் கேட்டுத் தருகிறேன்" என்று சொல்வது அன்புக்குக் குறைவில்லை. சொன்ன செவ்வாய்க்கிழமை போகாமல் இருந்தால், அன்றைய தாளில் ஒரு புள்ளி வைக்கலாம்.

இப்படிக்கு,
திருச்சபைப் பணியாளர் ஒருவர்