காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இந்த வருடம் மார்ச் 1 ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால், இங்கிலாந்து முழுவதும் இயர் 7, அதாவது உயர்நிலைப் பள்ளியின் முதல் வருடத்துக்கு, யாருக்கு எந்தப் பள்ளி என்ற முடிவுகள் மார்ச் 2, திங்கட்கிழமை வெளியாயின. நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் இயர் 6 பிள்ளைகள் பலருக்குக் கேட்ட பள்ளியே கிடைத்திருக்கிறது. அவர்களுக்கு என் வாழ்த்துகள். இந்தக் கடிதம் மற்றவர்களுக்கு. அந்தத் திங்கட்கிழமையிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "டீச்சர், வெயிட்டிங் லிஸ்ட்டில் பெயர் இருக்கிறது. கிடைக்குமா?"

கிடைக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. பள்ளி இடங்களை ஒதுக்கும் உள்ளூர்க் கவுன்சிலில் இருப்பவர்களாலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பட்டியல் எப்படி நகர்கிறது என்று சொல்லலாம். அது தெரியாமல்தான் பல வீடுகளில் மார்ச் தொடங்கி செப்டம்பர் வரை நிம்மதி போய்விடுகிறது.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். கிடைத்திருக்கும் இடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். மனதுக்குப் பிடிக்காத பள்ளியாக இருந்தாலும் சரி, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியிருந்தாலும் சரி. பதில் சொல்ல வேண்டிய கடைசித் தேதி உங்கள் கடிதத்தில் இருக்கும். பெரும்பாலும் மார்ச் நடுப்பகுதி. "ஏற்றுக்கொண்டால் நமக்கு இதுவே போதும் என்று நினைத்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களாமே" என்று இந்த வாரத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அப்படி இல்லை. ஏற்றுக்கொள்வதால் பட்டியலில் உங்கள் பிள்ளை ஒரு படிகூட இறங்காது. மறுப்பதால் ஒரு படிகூட ஏறாது. மறுத்தால் அந்த இடம் இன்னொரு பிள்ளைக்குப் போய்விடும், உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. அதன் பிறகு எந்தப் பள்ளியில் இடம் மிச்சமிருக்கிறதோ அதைத்தான் தேட வேண்டும். அது இன்னும் தூரமாகக்கூட இருக்கலாம்.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். போன வருடம் ஈஸ்டர் விடுமுறை முடிந்த முதல் சனிக்கிழமை, மகளை அழைத்துப்போக வந்த ஒரு அப்பா வாசலிலேயே என்னை நிறுத்திக் கைபேசியை நீட்டினார். "மார்ச் கடைசியில் பட்டியலில் 14ஆவது இடம் என்றார்கள் டீச்சர். இப்போது 17 என்கிறார்கள். நமக்குப் பின்னால் வந்தவர்கள் எப்படி முன்னால் போகலாம்?" குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். மகள் பக்கத்தில் நின்று புத்தகப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். எத்தனை என்ற எண் அவளுக்கும் தெரிந்திருந்தது.

அவர் அதை ரேஷன் கடை வரிசை போல நினைத்திருந்தார். முன்னால் வந்தவர் முன்னால், பின்னால் வந்தவர் பின்னால். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் இந்த நாட்டுப் பள்ளிச் சேர்க்கை விதிக்கோவை அதை வெளிப்படையாகவே தடுக்கிறது: விண்ணப்பம் வந்த தேதியையோ, பட்டியலில் பெயர் சேர்ந்த தேதியையோ வைத்து யாருக்கும் முன்னுரிமை தரக்கூடாது. புதிதாக ஒரு பெயர் சேரும் ஒவ்வொரு தடவையும், அந்தப் பள்ளி ஏற்கெனவே வெளியிட்டிருக்கும் முன்னுரிமை விதிகளின்படி பட்டியல் முழுவதையும் மறுபடி அடுக்க வேண்டும். அதாவது ஏப்ரலில் ஒரு குடும்பம் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்து பெயர் கொடுத்தால், அந்தப் பிள்ளை நேரே உங்களுக்கு மேலே போகும். அண்ணனோ அக்காவோ அங்கே படிக்கும் ஒரு பிள்ளை தாமதமாக விண்ணப்பித்தாலும் அப்படித்தான். அரசின் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளும், முன்பு அப்படி வளர்ந்த பிள்ளைகளும் பெரும்பாலும் எல்லோருக்கும் முன்னால் வருவார்கள். அவர்களுக்கு அந்த இடம் போவதில் எனக்கு மன நிறைவுதான். உங்களுக்கும் இருக்கும் என்று நம்புகிறேன்.

14 என்பது 17 ஆனால் யாரோ உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. அது பிறகு 9 ஆகலாம், மறுபடி 11 ஆகலாம். எண்ணைக் கேட்பதைவிட, "எந்த விதியின் கீழ் எங்கள் பிள்ளையை வைத்திருக்கிறீர்கள், எங்கள் வீட்டிலிருந்து எத்தனை தூரம் என்று பதிந்திருக்கிறீர்கள்?" என்று கேட்பதுதான் பயன் தரும். ஏனென்றால் தவறு நேர்வது பெரும்பாலும் அங்கேதான். அங்கே படிக்கும் அண்ணனின் விவரம் விடுபட்டிருக்கும். சமயப் பள்ளிக்கான கூடுதல் படிவம் போய்ச் சேர்ந்திருக்காது. தூரத்தைப் பழைய முகவரியிலிருந்து அளந்திருப்பார்கள். சில பள்ளிகள் நேர்கோட்டில் அளக்கின்றன, சில நடக்கும் பாதையை அளக்கின்றன, எந்த வாசல் வரைக்கும் என்பதும் பள்ளிக்குப் பள்ளி மாறும். எல்லாம் அந்தப் பள்ளியின் சேர்க்கை விதிகளில் எழுதியிருக்கும். நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் கிராமர் பள்ளிகளில் தேர்வு மதிப்பெண்ணும் இந்த அடுக்கில் சேரும். கவுன்சில் ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் 12க்குள் வெளியிடும் சேர்க்கைக் கையேட்டையும் எடுத்துப் பாருங்கள். கடந்த வருடம் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் வீடு எத்தனை தூரம் என்று பல கவுன்சில்கள் அதில் போடுகின்றன. உங்கள் நம்பிக்கை நியாயமானதா என்பதை அந்த ஒரு வரி ஓரளவுக்குக் காட்டிவிடும்.

இங்கே ஒன்றை மனம் திறந்து எழுதுகிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாம் வளர்ந்த ஊர்களில் பள்ளியில் இடம் என்றால் தெரிந்தவரைப் பிடிப்பது, சிபாரிசுக் கடிதம், நன்கொடை என்று ஒரு வழி இருந்தது. அந்த நினைப்பில் அரங்கேற்றப் படங்களையும் கணிதப் போட்டிச் சான்றிதழ்களையும் கோப்பில் அடுக்கி, பள்ளித் தலைமையாசிரியருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். அவற்றைப் பார்த்து அவர் மனம் இரங்கினாலும் பட்டியலில் ஒரு பெயரைக்கூட அவரால் மாற்ற முடியாது. பெற்றோர் தரும் பணத்தையோ உதவியையோ வைத்து முன்னுரிமை தருவதையும், பெற்றோரையோ பிள்ளையையோ நேர்முகம் காண்பதையும் விதிக்கோவை தடை செய்திருக்கிறது. இது நமக்கு நல்ல செய்தி. வந்து இரண்டு வருடமே ஆன, ஆங்கிலத்தில் இரண்டு வரி பேசத் தயங்கும் ஒரு அம்மாவின் பிள்ளைக்கும், மருத்துவர் ஒருவரின் பிள்ளைக்கும் அந்தப் பட்டியலில் ஒரே அளவுகோல்தான்.

அதே காரணத்தால், மாமா வீட்டு முகவரியைக் கொடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். வீட்டைக் கையில் வைத்துக்கொண்டே பள்ளிக்குப் பக்கத்தில் ஆறு மாதம் வாடகைக்கு எடுப்பதையும் கவுன்சில்கள் கண்டுபிடிக்கின்றன. தவறான தகவலால் பெற்ற இடத்தைத் திரும்ப எடுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நண்பர்கள் பிடித்து, பள்ளி பழகிய பிறகு இடம் போனால் அந்த அவமானம் பிள்ளைக்குத்தான். உண்மையாகவே வீடு மாறினால் உடனே ஆதாரத்தோடு சொல்லுங்கள்.

பட்டியல் எப்போது நகரும்? முதல் அசைவு, எல்லோரும் பதில் சொல்லும் மார்ச் நடுப்பகுதிக்குப் பிறகு. தனியார் பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளை இடத்தை விட்டால், அதற்கு ஒருவர் ஏறுவார். அவர் விட்ட பள்ளியில் இன்னொருவர். அது நாலைந்து பள்ளிகள் வரை சங்கிலியாகப் போகும். அப்புறம் பள்ளி வருடக் கடைசி வரை சிறுகச் சிறுக நகரும். செப்டம்பர் முதல் வாரத்தில், ஊர் மாறிப் போனவர்கள் வகுப்புக்கு வராதபோது மறுபடி ஒரு அசைவு. குறைந்தது டிசம்பர் 31 வரை பட்டியலை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்குப் பிறகு பல இடங்களில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டிவரும். அப்படி வருட நடுவில் விண்ணப்பித்தால் 15 பள்ளி நாட்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டு விஷயங்களைக் கவுன்சிலிடம் இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, உங்கள் பிள்ளை எந்தெந்தப் பள்ளிப் பட்டியலில் இருக்கிறது. விண்ணப்பத்தின் விருப்ப வரிசையில், கிடைத்த பள்ளிக்கு மேலே நீங்கள் எழுதிய பள்ளிகளின் காத்திருப்போர் பட்டியலில் சில கவுன்சில்கள் தாமாகவே சேர்க்கும், சில இடங்களில் நீங்கள்தான் கேட்க வேண்டும். இன்னொன்று, பலர் கவனிக்காதது. பட்டியலிலிருந்து மேலே எழுதிய பள்ளியில் இடம் வந்தவுடன், கையில் இருக்கும் இடத்தைச் சில கவுன்சில்கள் தாமாகவே எடுத்துவிடுகின்றன. கிடைத்த பள்ளியைப் போய்ப் பார்த்து, பிள்ளைக்கும் பிடித்து, மனம் மாறிவிட்டால், பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

மேல்முறையீடு, நாம் சொல்லும் அப்பீல், வேறு பாதை. பட்டியலோடு அதற்குச் சம்பந்தமில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம், ஒன்று மற்றதைக் கெடுக்காது. இடம் மறுக்கப்பட்ட தகவல் வந்ததிலிருந்து குறைந்தது 20 பள்ளி நாட்கள் அவகாசம் தர வேண்டும். அந்தக் காலக்கெடுவுக்குள் போட்டால், காலக்கெடு முடிந்து 40 பள்ளி நாட்களுக்குள் விசாரணை நடக்க வேண்டும். பள்ளிக்குச் சம்பந்தமில்லாத மூன்று பேராவது இருக்கும் குழு கேட்கும். அவர்கள் சொன்னால் பள்ளி கட்டுப்பட வேண்டும். விதிகள் சரியாகப் பின்பற்றப்பட்டனவா, இன்னொரு பிள்ளையைச் சேர்த்தால் பள்ளிக்குப் பாதிப்பு வருமா என்று முதலில் பார்ப்பார்கள். அதன் பிறகு பள்ளிக்கு வரும் அந்தப் பாதிப்பையும், உங்கள் பிள்ளைக்கு அந்தப் பள்ளி ஏன் வேண்டும் என்பதையும் எடைபோடுவார்கள்.

எனவே "கிடைத்த பள்ளி நல்லதில்லை" என்று மூன்று பக்கம் எழுதாதீர்கள். "இந்தப் பள்ளியில் இது இருக்கிறது, என் பிள்ளைக்கு இந்தக் காரணத்தால் அது தேவை, இதோ மருத்துவரின் கடிதம், இதோ வகுப்பாசிரியரின் கடிதம்" என்று எழுதுங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். மொழிதான் தயக்கம் என்றால் என்னிடம் சொல்லுங்கள், நான் வருகிறேன். சொல்ல வலுவான காரணம் இல்லையென்றால், அப்பீல் போட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

சிறப்புத் தேவைகளுக்கான இ.எச்.சி. (கல்வி, உடல்நலம், பராமரிப்பு) திட்டம் உள்ள பிள்ளைகளுக்கு இவை எதுவும் பொருந்தாது. அவர்களுடைய பள்ளியின் பெயர் திட்டத்திலேயே எழுதப்படும், அதில் மாற்றம் கேட்கும் வழியும் தனி. அந்தப் பெற்றோர் என்னிடம் தனியாகப் பேசுங்கள்.

இனி நான் எழுதப்போவதற்காகத்தான் உண்மையில் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன். பல வருடங்களுக்கு முன் என் மகனுக்கு நாங்கள் நான்காவதாக எழுதிய பள்ளி கிடைத்தது. முதலாவது பள்ளியின் பட்டியலில் காத்திருந்தோம். சாப்பாட்டு மேசையில், காரில், அக்காவுடன் போனில் என்று கிடைத்த பள்ளியைப் பற்றி நானும் என் கணவரும் பேசாத பேச்சில்லை. அவன் தன்பாட்டில் விளையாடுகிறான் என்றுதான் நினைத்தோம். பட்டியலில் இடம் வரவேயில்லை. செப்டம்பரில் முதல் நாள் காலை, புது பிளேசர், அவனுக்கு டை கட்டத் தெரியாது, நான்தான் கட்டினேன். முகவாயை நிமிர்த்திக்கொண்டு நின்றவன் மெதுவாகக் கேட்டான்: "அம்மா, கெட்டிக்காரப் பிள்ளைகள் யாரும் இந்தப் பள்ளிக்கு வர மாட்டார்களா?"

அந்த முடிச்சை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினேன். சொல்ல என்னிடம் பதில் இல்லை. முதல் அரைப் பருவம் முழுக்க அவன் யாருடனும் சேரவில்லை. அதற்கு அந்தப் பள்ளி காரணமில்லை. எங்கள் வீட்டுப் பேச்சுதான் காரணம். பிறகு அங்கேதான் படித்தான், அங்கே கிடைத்த நண்பர்கள் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ஆனாலும் அந்தக் காலை எனக்கு மறக்கவில்லை.

அதனால் கேட்கிறேன். பட்டியலைப் பற்றிப் பிள்ளை தூங்கிய பிறகு பேசுங்கள். எண்ணை அவர்களிடம் சொல்லாதீர்கள். "வேறு பள்ளியிலும் பெயர் கொடுத்திருக்கிறோம், இப்போதைக்கு உன் பள்ளி இதுதான்" என்று ஒரு தடவை நேராகச் சொன்னால் பதினோரு வயதுக்குப் புரியும். கோடையில் அந்தப் பள்ளி புதுப் பிள்ளைகளை ஒரு நாள் அழைத்தால் கட்டாயம் அனுப்புங்கள். சீருடையை மட்டும் கொஞ்சம் பொறுத்து வாங்கலாம், அது செலவுப் பிரச்சினை. உறவினர் யாராவது "ஐயோ, அந்தப் பள்ளியா?" என்று பிள்ளையின் முன்னால் தொடங்கினால், அந்த இடத்திலேயே பேச்சை மாற்றுங்கள்.

வரும் இரண்டு சனிக்கிழமைகளும் வகுப்பு முடிந்த பிறகு ஒரு மணி நேரம் நான் அலுவலக அறையில் இருப்பேன். கவுன்சிலிலிருந்து வந்த கடிதத்தையும், நீங்கள் காத்திருக்கும் பள்ளியின் சேர்க்கை விதிகளையும் அச்செடுத்துக் கொண்டு வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அந்த நேரத்தில் பிள்ளைகள் மண்டபத்தில் விளையாடலாம், இரண்டு ஆசிரியர்கள் அவர்களோடு இருப்பார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்